மாதாரிக்கு வீடு எங்கே?

கொஞ்ச மாசமாகக் கொங்கு நாவல்களை வரிசையாக எடுத்துப் படித்து வருகிறேன். சிலது எம்.ஏ. பாடத்துக்காக முன்னமே படித்தவை, சிலது இப்பத்தான். விமர்சனம் என்று பெரிய பேரெல்லாம் வேண்டாம். வளவில் பிறந்த ஒரு வாசகியின் அபிப்பிராயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்பாட்டுத் தோழர்கள் மன்னிக்கணும், ஃபூக்கோவும் தெரிதாவும் இதில் வரமாட்டார்கள்.

ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வந்தது. வட்டார நாவலுக்கு முன்னோடி என்று வகுப்பில் குறிப்பு எழுத வைத்தார்கள். புருஷனை இழந்த நாகம்மாள், கொழுந்தன் சின்னப்பனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள், கொலையில் முடிகிறது. பெண் சொத்துக் கேட்பதை அந்தக் காலத்தில் எழுதியது லேசான காரியமில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அது பங்கு கேட்க நிலம் இருக்கிறவர்களின் சண்டை. அந்தக் காட்டில் கவலை இறைத்தவன், இறைக்கத் தோல் தைத்துக் கொடுத்தவன், செத்த மாட்டைத் தூக்கியவன் எல்லாம் ஓரத்திலேயே நிற்கிறான். பரீட்சையில் இதைப் பற்றி யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் எழுதவில்லை.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) வேற மாதிரி. இது நம்ம கதை என்று சொல்லித்தான் என் கையில் கொடுத்தார்கள். கவுண்டர் பண்ணையங்களில் ஆளாக விடப்பட்டு, மேட்டுக்காட்டில் ஆடு மேய்க்கும் சக்கிலியப் பிள்ளைகளின் கதை. பேர்களைக் கவனியுங்கள்: கூளையன், நெடும்பன், வவுறி, செவிடி. குட்டை, நெட்டை, வயிறு, காது. உடம்பைப் பார்த்து எவனோ கூப்பிட்டதே பேராக நின்றுவிட்டது. பண்ணையக்காரர் மகனுக்கு மட்டும் செல்வன் என்று பேர். பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஏறக்கூடிய பேர் அவனுக்குத்தான் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிறவனும் அவன்தான். கூளையனுக்கும் அவனுக்கும் விளையாட்டில் சிநேகம் உண்டு, சாப்பாட்டில் கிடையாது. அந்தச் சிநேகம் கடைசியில் கிணற்றில் போய் முடிகிறது.

எங்கப்பாவுக்கு இதில் சில பக்கங்களை வாசித்துக் காட்டினேன். அவர் பத்து வயசில் காங்கேயம் பக்கம் ஒரு பண்ணையத்தில் விடப்பட்டவர். வருசக்கூலி தாத்தா வாங்கின கடனுக்கே கழிந்து போச்சு. விடியாலே எந்திரிச்சுச் சாணி வழிக்கணும், கொறங்காட்டுக்கு ஆடு ஓட்டணும், கிளுவை வேலியில் சந்து விழுந்தால் முள் வெட்டி அடைக்கணும், ராத்திரி பட்டிக்குக் காவல் படுக்கணும். நான் வாசிக்க வாசிக்க "ஆமா, ஆமா" என்று வந்தவர், பசி வருகிற பக்கங்களில் மட்டும் பேச்சே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேட்டார்: "ஏங்கண்ணு, அந்தப் பையனோட ஆத்தா எங்க?"

எனக்கு அதுவரை தோணாத கேள்வி. திரும்பப் புரட்டிப் பார்த்தேன். ஆடுகள், பனைகள், ஏரி, கிணறு, பட்டி இதற்கெல்லாம் பக்கம் பக்கமாக இடமிருக்கிறது. கூளையனின் வளவுக்கும் அவனைப் பெத்தவளுக்கும் கொஞ்சம்தான். பிள்ளையை ஆளுக்கு விட்ட அன்று ராத்திரி அவள் அடுப்புப் பற்ற வைத்தாளா? எழுதியவர் கவுண்டர் சாதியில் பிறந்தவர். காட்டில் கண்ணெதிரே நடந்ததைத் துளி விடாமல் எழுதிவிட்டார். வளவுக்குள் ராத்திரி என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அவர் காதுக்கு எட்டாத தூரம். எட்டாததை எட்டினதாகக் காட்டிக்கொள்ளாததும் ஒரு நேர்மைதான். அந்தப் பிள்ளைகளை அழுமூஞ்சிகளாக்கிக் காட்சிக்கு வைக்காமல், ஏரிக்குள் ஆடிப்பாடித் திரிய விட்டதையும் சொல்லணும். நம்ம சனத்துக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே பல எழுத்தாளர்களுக்கு இன்னும் தெரியாது.

இதோடு பூமணியின் 'பிறகு'வை (1979) வைத்துப் பாருங்கள். அது கரிசல் நாவல், கொங்கு இல்லை. அதில் வரும் அழகிரியும் செருப்புத் தைக்கிறவன்தான். ஆனால் அவனுக்கு வீடு இருக்கு, பெண்டாட்டி இருக்கு, மக இருக்கா, அவள் வாழ்க்கையைப் பற்றி அவனுக்கு ஓயாத கவலை இருக்கு. வேலை முடிந்து திரும்பிப் போக ஒரு குடிசை கதைக்குள்ளேயே இருக்கிறது. கொங்கு நாவலில் மாதாரியை வேலைத்தலத்தில் மட்டுமே பார்க்க முடிகிறது. 'ஆளண்டாப் பட்சி'யிலும் (2012) அப்படித்தான். காணி தேடி மாட்டு வண்டியில் போகும் முத்துவுக்குக் குப்பன் வழித்துணை. குப்பன் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள். ஆனாலும் பயணம் முத்துவின் காணிக்கான பயணம்.

இன்னொரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. 2014 டிசம்பரில் அதைத் திருச்செங்கோட்டில் கொளுத்தினார்கள், 2015 ஜனவரியில் கடையடைத்தார்கள், எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவரே அறிவிக்க வேண்டி வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாமும் அவரோடு நின்றோம், நிற்கத்தான் வேண்டும். ஆனால் அதே ஆள் 14 வருசத்துக்கு முன்னால் அதே மண்ணின் பண்ணையங்களில் பிள்ளைகளைப் பிழிந்தெடுத்த கதையை எழுதினாரே, அப்போது நானறிந்து ஒரு கடையும் அடைக்கவில்லை. மாதாரிப் பையன் பசியோடு பட்டியில் கிடந்தான் என்று எழுதினால் யாருக்கும் மானம் போவதில்லை. தங்கள் வீட்டுப் பெண்ணின் வயிற்றில் யார் பிள்ளை என்ற பேச்சு வந்தால் ஊரே கொதிக்குது.

'பூக்குழி' (2013) தர்மபுரி இளவரசனுக்குச் சமர்ப்பிக்கப்பட்டது. சோடாக் கடையில் வேலை செய்யும் குமரேசன், சரோஜாவைக் கல்யாணம் செய்து ஊருக்குக் கூட்டி வருகிறான். அவள் சிவப்பு. நிறத்தை வைத்து அவளை எந்தச் சாதியில் சேர்ப்பது என்று ஊருக்குப் பிடிபடவில்லை. அந்தத் தடுமாற்றத்தை நன்றாகப் பிடித்திருக்கிறார். அந்த முடிவை மூச்சு முட்டித்தான் படித்தேன். சரோஜாவின் சாதி என்ன என்று மட்டும் நாவல் கடைசி வரை சொல்லாது. அதனால் எல்லா ஊருக்கும் பொருந்துகிறது என்று பாராட்டுகிறவர்கள் உண்டு.

எனக்கு அங்கேதான் தகராறு. குமரேசனின் அம்மா மாராயி நாளெல்லாம் ஒப்பாரியும் வசவுமாக இருக்கிறாள். எங்க பக்கத்துக் கிழவிகள் வாயில் முதல் வசவே சாதிப் பேர்தான். அது வராத மாராயியை என்னால் நம்ப முடியவில்லை. பேரைச் சொல்லாமல் விட்டால் ஆதிக்க சாதி வாசகன் "இது எங்கூர்ல இல்லீங்க" என்று நழுவிவிடுவான். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு காலேஜ் வாசலை மிதித்த நம்ம பிள்ளைகள் இப்போது இந்த நாவல்களைப் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளை அதில் தன்னைத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்புது.

நாவல் வந்த பிறகு 2015 ஜூனில் கோகுல்ராஜ், 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை சங்கர். இரண்டிலும் ஊர் பேர், சாதி பேர் எல்லாம் வெளிச்சம். இரா. முருகவேளின் 'செம்புலம்' (2017) இந்தக் கொங்குக் கொலை அரசியலை நேராகவே எடுத்துக்கொள்கிறது. சில இடங்களில் பாத்திரங்கள் பேசுவதை விட்டுக் கட்டுரை வாசிக்கிறார்கள். இருந்தாலும் நம்ம கூட்டங்களில் வைத்து விவாதிக்க ஏற்ற புத்தகம்.

கோவை நகரம் பற்றி ஒரு வார்த்தை. மாநகராட்சித் துப்புரவு வேலையில் பெரும்பாலும் நம்ம சனம்தான். 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில் மேட்டுப்பாளையம் நடூரில் பெரிய காம்பவுண்டுச் சுவர் வீடுகள் மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எழுத ஆளிருக்கலாம். இந்தப் பக்கத்திலிருந்து, அந்த வீடுகளுக்குள் இருந்து எழுதின நாவல் எனக்கு வேணும். அது எங்கப்பா கேட்ட ஆத்தாவில் தொடங்கினால் நல்லது.

டி. செல்வராஜின் 'தோல்' இப்போது கையில் இருக்கிறது, திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளர் கதை. பாதி தாண்டியிருக்கிறேன். அதைப் பற்றி அடுத்த இதழில்.