மலையேறாத சாமி

கென்னத் ஆங்கரின் 'இன்வகேஷன் ஆஃப் மை டீமன் பிரதர்' படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி, "அது நெஜமாவே சூனியம் வச்சு எடுத்த படமா?" என்பதுதான். சிரித்துக் கடந்துவிடக் கூடிய கேள்வி இல்லை. 1969இல் வந்த, சுமார் 11 நிமிடமே ஓடும் இந்தப் படத்தை ஆங்கர் ஒரு சடங்காகத்தான் நினைத்தார். படம் எடுப்பது மந்திரம் போடுவது மாதிரி என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். 2023இல், 96 வயதில் இறந்தார். அவர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, சடங்கு என்ற கணக்கிலேயே இந்தப் படம் தேறுகிறதா என்று பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஆங்கர் கலிஃபோர்னியாக்காரர். ஆங்கிலேய மறைஞானி அலிஸ்டர் கிரௌலியைக் குருவாக ஏற்றவர். கிரௌலி 1947இல் இறந்துவிட்டார். மனிதனின் உண்மையான இச்சைக்கு ஏற்ப உலகில் மாற்றத்தை உண்டாக்கும் கலைதான் மந்திரம் என்பது கிரௌலியின் விளக்கம். 1960களின் நடுவில், சான் ஃபிரான்சிஸ்கோவில் 'லூசிஃபர் ரைசிங்' என்ற படத்தை ஆங்கர் எடுக்கத் தொடங்கினார். லூசிஃபராக நடிக்க வந்த இளைஞர் பாபி போசோலே. 1967இல் இருவருக்கும் முட்டிக்கொண்டது. படச்சுருள்களைப் போசோலே திருடிவிட்டார் என்றார் ஆங்கர், போசோலே மறுத்தார். மிஞ்சிய துண்டுகளையும் வேறு சில காட்சிகளையும் வெட்டி ஒட்டிச் செய்ததுதான் இந்தப் படம். ஆக, இது ஒரு எச்சம். இன்னொரு படத்தின் மிச்சம்.

திரையில் என்ன இருக்கிறது? வெண்முடியும் வெளிறிய தோலுமாக ஒரு இளைஞனின் முகம். மண்டையோட்டு வடிவப் புகைக்குழாயில் புகைப்பவர்கள். மேடையில் மந்திரவாதி உடையில் சுற்றிச் சுற்றி வரும் ஆங்கர். சாத்தான் சபையை நிறுவிய ஆன்டன் லவே. ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவின் ஹைட் பார்க் நிகழ்ச்சி. நாஜிக் கொடி. ஹெலிகாப்டரிலிருந்து குதித்து இறங்கும் அமெரிக்கப் படையினர், அது வியட்நாம். கதை கிடையாது. எல்லாமே ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன.

இந்தப் படத்துக்கு விளக்கம் சொல்பவர்கள் பெரும்பாலும் சின்னங்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். இந்த முக்கோணத்துக்கு இது அர்த்தம், அந்தக் கண்ணுக்கு அது அர்த்தம் என்று அகராதி போடுகிறார்கள். எனக்கு அதில் பெரிய பயன் தெரியவில்லை. அகராதி முழுக்க மனப்பாடமானாலும் படம் உடம்பில் செய்கிற வேலை விளங்காது. அந்த வேலையைச் செய்வது ஒலி. மிக் ஜாகர் மூக் சின்தசைஸரில் போட்ட இசை அது. பாட்டு கிடையாது, ராகம் கிடையாது. ஒரு சின்னத் துடிப்பு திரும்பத் திரும்ப, எரிச்சலூட்டும் அளவுக்கு வந்துகொண்டே இருக்கிறது. முதல் நிமிடத்தில் "இது என்னடா கொடுமை" என்று இருக்கும். நாலாவது நிமிடத்தில் கால் தானாக ஆடிக்கொண்டிருக்கும்.

நான் வேலை செய்யும் இடத்தில் பம்புகளின் அதிர்வை அளப்பது என் பொறுப்புகளில் ஒன்று. ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஒரு அதிர்வெண் உண்டு. வெளியிலிருந்து வரும் சின்ன உந்தல் அதோடு ஒத்துப்போனால் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் ஒற்றை விரலால் தள்ளினாலே போதும், அது உயரப் போய்விடும். ஆங்கரின் வெட்டுகளும் ஜாகரின் துடிப்பும் அப்படித்தான் வேலை செய்கின்றன.

இது நமக்குப் புதுசும் இல்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி மேளம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, திரும்பத் திரும்ப வரும் ஒரு தாளம் மனிதரை எங்கே கொண்டுபோகும் என்று தெரியும். முனியாண்டியின் கையிலுள்ள அரிவாளுக்கு என்ன தத்துவம் என்று விளங்கிக்கொண்ட பிறகு யாரும் ஆடுவதில்லை. மேளம் ஏறுகிறது, சாமி வருகிறது. கிரௌலியின் மறைஞானத்துக்கும் நம் முனியாண்டிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது அபத்தம். ஆனால், தன் படம் ஒரு சடங்கு என்று ஒருவர் சொன்னால், சடங்கு பார்த்து வளர்ந்தவர்கள் அவரிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: வரவழைத்தீர்கள் சரி, அனுப்பிவைத்தீர்களா?

சாமி இறங்கிப் போவதை நாம் 'மலையேறிருச்சு' என்று சொல்கிறோம். நல்ல பூசாரியின் திறமை அங்கேதான் தெரியும். சாமியை வரவைக்க மேளக்காரர்கள் போதும். ஆடுகிறவரின் கேள்விக்குப் பதில் சொல்லி, கேட்டதைக் கொடுத்து, திருநீறு பூசி, அவர் மயங்கி விழும்போது தாங்கிப் பிடித்து, அவரை மறுபடியும் நம்ம பக்கத்து வீட்டு அண்ணனாக ஆக்கித் தருவதுதான் பெரிய வேலை. அதுவரைக்கும் மேளம் சும்மா நின்றுவிட முடியாது.

ஆங்கரின் படத்தில் அந்த வேலை நடக்கவில்லை. வியட்நாமில் இறங்கும் படையினரின் காட்சியைப் பாருங்கள். முழுப் படத்திலும் நடிப்பாகவோ சடங்காகவோ இல்லாத நிஜ வன்முறை அங்கேதான் எட்டிப் பார்க்கிறது. போரும் ஒரு பேயாட்டம்தான், பாட்டுக் கச்சேரியின் வெறியும் அதே ஆட்டம்தான் என்று படம் காட்டும்போது அதில் ஒரு உண்மை இருக்கிறது. எனக்கு முதுகு சிலிர்த்தது. ஆனால் அதே துடிப்பு எல்லாவற்றையும் ஒரே எடையாக்கிவிடுகிறது. புகைக்குழாய், கொடி, ஹெலிகாப்டர் எல்லாம் சம அளவு கவர்ச்சியோடு மின்னிப் போகின்றன. அந்த ஹெலிகாப்டர் யார் ஊரில் இறங்குகிறது என்று கேட்க நேரமே இல்லை. முடிவை நெருங்கும்போது ஒரு பொம்மை உருவம் படிக்கட்டில் ஒரு வாசகத்தோடு வருகிறது: சூனியத்தைப் பற்றிய ஒரு நக்கல். இவ்வளவையும் கிளப்பிவிட்ட பிறகு ஆங்கரிடம் இருப்பது ஒரு சிரிப்பு. நானும் சிரித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் உடம்பில் ஏறியது இறங்கவில்லை.

இந்தப் படத்தைச் சுற்றியுள்ள புராணம் வேறு. 1969 ஜூலையில் கேரி ஹின்மன் என்ற இசைக் கலைஞரைப் போசோலே கொலை செய்தார். சார்ல்ஸ் மேன்சன் கூட்டத்தோடு சேர்ந்து திரிந்த காலம் அது. டிசம்பரில், ஆல்டமான்ட் என்ற இடத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடிக்கொண்டிருக்கும்போதே மெரெடித் ஹன்டர் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். படம் இதையெல்லாம் முன்கூட்டியே சொன்னது, பேய் நிஜமாகவே வந்துவிட்டது என்று ரசிகர்கள் சிலாகிக்கிறார்கள். எனக்கு இந்தச் சிலாகிப்பு பிடிக்கவில்லை. இரண்டு பேரின் சாவை ஒரு படத்தின் சக்திக்குச் சான்றிதழாக ஆக்குவது அது. கொலை செய்தவர்கள் மனிதர்கள். அவர்களில் ஒருவரின் அழகான முகம் இந்தப் படத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆங்கர் 'லூசிஃபர் ரைசிங்' படத்தைப் பிறகு எகிப்திலும் வேறு இடங்களிலும் புதிதாக எடுத்தார். அது இறுதி வடிவம் பெற 1980 ஆகிவிட்டது. லூசிஃபர் என்றால் லத்தீனில் ஒளியைக் கொண்டுவருபவன். விடிவெள்ளிக்கும் அதுதான் பெயர். ஆங்கரின் லூசிஃபரும் அந்த விடிவெள்ளிதான். சுமார் அரை மணி நேரம் ஓடும் அந்தப் படம் மெதுவானது. எரிமலை, நதி, கற்சிலைகள், சூரியன். அதன் இசையைச் செய்தவர் போசோலே, சிறையிலிருந்தபடியே. முதல் படத்தில் ஏறியது இந்தப் படத்தில்தான் இறங்குகிறது என்று எனக்குப்பட்டது. பத்து வருடம் தாமதமான மலையேற்றம். அதிலும் ஹின்மனுக்கு ஒரு இடம் இல்லை.

அப்படியென்றால் 'இன்வகேஷன்' தோற்ற படமா? பாதி. மேளக்காரராக ஆங்கர் மேதை. வெட்டும் ஒலியும் பார்வையாளரின் உடம்பை என்ன செய்யும் என்று 11 நிமிடத்தில் கற்றுக்கொடுக்கிறார். பூசாரியாகத் தேறவில்லை. நம்மூரில் அமானுஷ்யக் குறும்படம் எடுக்க ஆசைப்படும் நண்பர்கள் எலுமிச்சம்பழமும் பொம்மையும் தேடி அலைவதற்கு முன் இதை ஒருமுறை பார்க்க வேண்டும், நல்ல ஒலிபெருக்கியில். பார்த்து முடித்ததும் எதையும் கூகுள் செய்யாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள். கால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். அதை எப்படி நிறுத்துவது என்ற கேள்வியோடு உங்கள் திரைக்கதையை எழுத ஆரம்பிக்கலாம்.