எம்ஜிபி வாங்கினால் ஓவர்டிரைவோடு வாங்குங்கள்

பழைய எம்ஜிபி ரோட்ஸ்டர் காரை விற்கிறவர்கள் பெருமையாகக் காட்டும் சாமான்கள் எப்போதும் ஒன்றுதான்: குரோம் பம்பர், கம்பிச் சக்கரம், மர ஸ்டியரிங், டிக்கிக்கு மேல் லக்கேஜ் ரேக். நான் முதலில் கேட்கச் சொல்வது இந்தப் பட்டியலில் கடைசியில் வரும், சில சமயம் வரவே வராது. ஓவர்டிரைவ் இருக்கிறதா? இருந்தால், வேலை செய்கிறதா?

இங்கிலாந்தில் நண்பரின் 1973 எம்ஜிபி சில வாரங்களாக என் கையில் இருக்கிறது. 1798 சிசி இன்ஜின், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், நான்கு கியர் என்பதெல்லாம் கார்ப் பிரியர்களுக்கு மனப்பாடம். கதவுக்குக் கீழுள்ள சில் பகுதியில் துரு பார்க்க வேண்டும் என்பதும் அப்படியே. நெடுஞ்சாலையில் இந்த நான்கு கியர் போதாது என்பதை மட்டும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. மணிக்கு 70 மைலில் இன்ஜின் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 3,900 முறை சுற்றுகிறது. கூரையை மடக்கியிருந்தால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும். ஸ்டியரிங்கை ஒட்டிய ஓவர்டிரைவ் தண்டை விரலால் தட்டினால், கிளட்சைத் தொடாமலே, சுற்று 3,200 அளவுக்கு இறங்குகிறது. வேகம் அப்படியே இருக்கிறது. இரைச்சல் பாதியானது போல இருக்கிறது. இந்தக் காரில் எனக்கு அலுக்காத சுகம் இதுதான்.

லேகாக் டி நார்மன்வில் என்ற இந்த ஓவர்டிரைவ் பெட்டி கியர்பாக்ஸின் பின்முனையில் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் சொலினாய்டு எண்ணெய் அழுத்தத்தைத் திருப்பிவிடும். அந்த அழுத்தம் கூம்பு வடிவ கிளட்சை நகர்த்தி, நடுப் பற்சக்கரத்தைச் சுழலவிடாமல் பிடித்துக்கொள்ளும். இன்ஜின் மெதுவாகச் சுற்ற, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வேகமாகச் சுற்றும். ஆகவே ஓட்டிப் பார்க்கும்போது மூன்றாவதிலும் நான்காவதிலும் தட்டிப் பாருங்கள். சுற்றுமானியின் முள் சட்டென்று இறங்க வேண்டும். அணைத்ததும் தயங்காமல் ஏற வேண்டும். இறங்காவிட்டால் பெட்டியே போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஒயர் கழன்றிருக்கலாம், சுவிட்ச் கெட்டிருக்கலாம், எண்ணெய் குறைந்திருக்கலாம். ஆனால் அணைத்த பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் ரிவர்ஸ் மட்டும் போடாதீர்கள், உள்ளே உடைந்துவிடும்.

ஓவர்டிரைவ் இல்லாத காரில் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்கிறார்களே, அதை நம்பி இறங்காதீர்கள். சாதாரண கியர்பாக்ஸின் பின்னால் அப்படியே பொருத்த முடியாது, மெயின் ஷாஃப்டே வேறு. கியர்பாக்ஸை முழுதாக மாற்ற வேண்டும், அதற்கு இன்ஜினையும் சேர்த்து வெளியே தூக்க வேண்டும். அமெரிக்காவுக்குப் போன எம்ஜிபிக்களில் பெரும்பாலானவற்றில் ஓவர்டிரைவ் கிடையாது. வறண்ட மாநிலங்களிலிருந்து திரும்பி வரும் துருவில்லாத கார்களைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

அபிங்டன் தொழிற்சாலை 1962-ல் இந்தக் காரை வெளியிட்டபோது ஹீட்டருக்குக்கூடத் தனிக் காசு. பிரிட்டனில் ஓவர்டிரைவ் எல்லாக் காரிலும் வந்தது 1975-ல்தான். அதற்குச் சற்று முன்பு கறுப்பு ரப்பர் பம்பரை மாட்டி, காரின் உயரத்தையும் கூட்டி, முன்பக்க ஆன்டி-ரோல் பாரையும் எடுத்துவிட்டார்கள். வளைவில் இவ்வளவு நன்றாக நின்ற காருக்கு இப்படிச் செய்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கம்பிச் சக்கரத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. அழகுதான், மறுக்கவில்லை. கழுவ உட்கார்ந்தால் ஒவ்வொரு கம்பிக்கு இடையிலும் விரலை விட்டுத் துடைக்க வேண்டும், மறுநாளே பிரேக் தூள் படியும். அழுக்காவது போகட்டும், தேய்மானம் ஆபத்து. சக்கரம் ஹப்பின் பற்களில் உட்கார்ந்து, நடுவில் ஒரே பெரிய நட்டால் இறுகுகிறது. பற்கள் தேய்ந்தால் சக்கரத்தையும் ஹப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். வாங்கும் முன் ஜாக்கியில் தூக்கி, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிச் சக்கரத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். 'டக்' என்று கேட்டால் அங்கேயே விலை பேசுங்கள். பென்சிலால் கம்பிகளைத் தட்டினால் இறுகியது கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மொத்தென்று கேட்கும். வேண்டாமென்று சாதாரணச் சக்கரத்துக்கு மாறுவதும் லேசில்லை, பின் ஆக்சிலே வேறு.

எனவே, ரோஸ்டைல் எஃகுச் சக்கரமும் நல்ல ஓவர்டிரைவும் உள்ள எளிய காரும், கம்பிச் சக்கரத்தோடு ஓவர்டிரைவ் இல்லாமல் பளபளக்கும் காரும் ஒரே விலைக்கு வந்தால் எளியதை எடுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: 1977 மாடலிலிருந்து ஓவர்டிரைவ் நான்காவது கியரில் மட்டும்தான் விழும். சுவிட்ச் கியர் குமிழின் மேல் இருக்கும். அந்தக் கார்களில் மூன்றாவதில் வரவில்லை என்று விற்கிறவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.