ரஷ்ய மொழிக் கேட்டல் பயிற்சி: தொடக்கப் பாடங்களுக்குப் பின்

ஒலிப்பாடங்கள் வழியாக ரஷ்ய மொழியைக் கற்கத் தொடங்குவோர் பலர் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றனர். பாடத்தில் வரும் குரல் புரிகிறது. ரஷ்யர் இருவர் தமக்குள் பேசினால் ஒரு சொல்லும் பிடிபடுவதில்லை. பரவலாக அறியப்பட்ட பிம்ஸ்லர் பாடங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொன்றும் அரை மணி நேரம். கேட்ட சொல் சிறிது சிறிதாக நீளும் இடைவெளிகளில் மீண்டும் வரும். உச்சரிப்புக்கும் நினைவுக்கும் இது உறுதியான அடித்தளம். ஆனால் சொற்கள் குறைவு, விளக்கம் ஆங்கிலத்தில், ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் பதில் சொல்ல நேரம் உண்டு. தெருவில் யாரும் அந்த நேரத்தைத் தருவதில்லை. ரஷ்ய அரசின் மொழித் தேர்வில் முதற்சான்று நிலைக்கே சுமார் 2,300 சொற்கள் வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இடைவெளியின் அளவு விளங்கும்.

இந்த இடைவெளியைச் சொற்களின் எண்ணிக்கை மட்டும் உண்டாக்கவில்லை. ரஷ்யத்தில் அழுத்தம் பெறாத உயிர்களில் பெரும்பாலானவை தேய்ந்து ஒலிக்கும். 'மொலொகோ' என எழுதப்படும் பால், பேச்சில் 'மலகோ' ஆகிறது. 'சேய்சாஸ்' (இப்போது) விரைவில் 'ஷாஸ்' ஆகிவிடும். அலெக்சாந்தர் அலெக்சாந்தரோவிச் என்று பெயர் கொண்டவரை உடன் வேலை செய்பவர்கள் 'சான் சானிச்' என்பார்கள். குற்றியலுகரத்தை அறிந்த தமிழருக்கு ஒலி குறைவது புதிதல்ல. ஆனால் அங்கே குறைவது சொல்லின் ஈற்று உகரம். இங்கே அழுத்தம் எங்கே விழுகிறது என்று தெரியாமல் எது குறையும் என்றே சொல்ல முடியாது. அழுத்தக்குறியோ அச்சில் பொதுவாக இடப்படுவதில்லை. 'சாமக்' என முதலசையை அழுத்தினால் கோட்டை, 'சமோக்' என இரண்டாம் அசையை அழுத்தினால் பூட்டு, எழுத்து ஒன்றுதான்.

ஆகவே, கற்பவருக்காக வேண்டுமென்றே மெதுவாகப் பேசிப் பதிவு செய்யும் வலையொலிகளை அடுத்த படியாகக் கொள்வதில் ஒரு குறை உண்டு. அசை அசையாகப் பேசும்போது தேய வேண்டிய உயிர்களும் முழுதாக ஒலிக்கத் தொடங்குகின்றன. கேட்பவர் ரஷ்யர் யாரும் வீட்டில் பேசாத ஒரு ரஷ்யத்துக்குப் பழகுகிறார். இயல்பான வேகத்தில் பேசியதைக் கருவியின் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்துக் கேட்பது இதைவிட மேல். தேய்ந்த உயிர் தேய்ந்தபடியே இருக்கும். முழு எழுத்து வடிவம் உடன் கிடைக்கும் இரண்டு நிமிடப் பதிவு ஒன்றைப் பத்து முறை கேட்பதற்கு ஈடாக, எழுத்து வடிவம் இல்லாத ஒரு மணி நேரப் பேச்சு எதுவும் செய்யாது.

குழந்தைகளுக்கான கேலிச்சித்திரப் படங்கள் எளியவை என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. 1969இல் தொடங்கிய 'நூ, பகதீ!' தொடரில் ஓநாயும் முயலும் ஓடுகின்றன. உரையாடலோ மிகக் குறைவு. 'மாஷாவும் கரடியும்' தொடரில் கரடி பேசுவதே இல்லை. மாஷா மழலையில் படபடவெனப் பேசுகிறாள். இரண்டும் நல்ல பொழுதுபோக்கு, கேட்டல் பயிற்சிக்கு ஏற்றவை அல்ல. தாய்மொழிக் குழந்தை நான்கு வயதுக்குள் கேட்டுவிட்ட சொற்கள், வேற்று மொழி பேசும் பெரியவருக்குத் தெரியாது என்பதைப் பரிந்துரைப்போர் மறந்துவிடுகின்றனர்.

பழைய சோவியத் திரைப்படங்கள் இதைவிடப் பயனுள்ளவை. நடிகர்கள் பலர் நாடக மேடையில் தேர்ந்தவர்கள். வசனம் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்தில் பின்னர் சேர்க்கப்பட்டது. எல்தார் ரியாசானவ் இயக்கி 1976 சனவரி 1 அன்று தொலைக்காட்சியில் முதலில் ஒளிபரப்பான 'விதியின் விளையாட்டு' படத்தில் நாயகியாக நடித்த பார்பரா பிரில்ஸ்கா போலந்துக்காரர். அவருக்குக் குரல் கொடுத்தவர் வலந்தீனா தலீசினா. அந்தத் தெளிவு கற்பவருக்குக் கிடைத்த வரம். படம் மூன்று மணி நேரம். சமையலறையிலும் கூடத்திலும் நடக்கும் உரையாடலே அதன் பெரும்பகுதி. மோஸ்பிலிம் நிறுவனம் தன் படங்கள் பலவற்றை யூடியூபில் இலவசமாக வைத்துள்ளது. ஆங்கில வசன வரிகளை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது. அவை ஓடும்போது கண் வேலை செய்யும், காது தூங்கும்.

செய்தி அறிக்கை தெளிவானது, ஆனால் எழுத்து நடையில் அமைந்தது. எண்ணுப் பெயர்கள்கூட வேற்றுமை ஏற்று உருமாறும் மொழியில், செய்தியில் வரும் தொகைகளும் தேதிகளும் தேர்ந்தவரையே திணறடிக்கும். முதற்சான்று நிலையைத் தாண்டியபின் அதற்குப் போகலாம்.

மருத்துவம் படிக்க ரஷ்யா செல்லும் தமிழக மாணவர்களுக்கு இந்தத் தேர்வு இன்னும் கடுமையானது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். மருத்துவமனைப் பயிற்சியில் எதிரே அமரும் மூதாட்டி ரஷ்யத்தில்தான் பேசுவார். நெஞ்சில் 'தாவித்' என்றால் அழுத்துகிறது, 'கோலெத்' என்றால் குத்துகிறது, 'ஷோத்' என்றால் எரிகிறது, 'நோயெத்' என்றால் மந்தமாக வலிக்கிறது. மாரடைப்பை ஐயுறும் மருத்துவர் முதலில் பிரித்தறிய வேண்டியவை இவையே. விமான நிலையம், உணவகம், விடுதி எனச் சுற்றி வரும் பயணப் பாடங்களில் இவை கிடைப்பது அரிது. முதல் அலைவரிசையில் 2010இல் தொடங்கிய 'ஜீத் ஸ்தரோவா' என்னும் உடல்நல நிகழ்ச்சி இவர்களுக்குக் கைகொடுக்கும். உறுப்புகளின் மாதிரிகளைக் காட்டி, பாமரருக்குப் புரியும் சொற்களில், சொன்னதையே திரும்பச் சொல்லும் நடை அதனுடையது. அதன் மருத்துவக் கருத்துகளை இங்கே எடைபோடவில்லை; மொழியைப் பற்றியே பேச்சு. ஆயினும் அரங்கில் பேசுபவர் அழைத்து வரப்பட்டவர். பல் இல்லாத வாயால், மூச்சு வாங்கியபடி பேசும் நோயாளியின் ரஷ்யத்தை எந்தப் பதிவும் தராது. அதற்கு விடுதிக் காவலரோடும் கடைக்காரரோடும் பேசுவதை முதலாம் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். நான்காம் ஆண்டில் நோயாளியின் படுக்கையருகே நின்று தொடங்கக் கூடாது.