வெட்டாத மூச்சு

யோக ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரை வைத்து 1938-ல் மைசூரில் எடுத்த படத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதில் அவருடைய மாணவர், 19 வயது பி.கே.எஸ். அய்யங்கார் துள்ளித் துள்ளி ஆசனம் மாற்றும் பகுதியைத்தான் எல்லோரும் சிலாகிக்கிறார்கள். எனக்கு அது இரண்டாம் பட்சம். ஐம்பதைத் தொட்ட ஆச்சாரியார் மூச்சை முழுக்க வெளியே விட்டு, வயிற்றை உள்ளே இழுத்து, நடுத்தசையை மட்டும் தூண்போலத் திரட்டி உருட்டுகிறாரே, அந்த நௌலிதான் எனக்குப் படம். ஒலியே இல்லாத படம் அது. ஆனாலும் விலாவுக்குக் கீழே அந்தக் குழி விழும்போது மூச்சு கேட்கிறது. பார்க்கிற நம் மூச்சும் அங்கே நின்றுவிடுகிறது.

படம் பிடித்தவர் கிட்டே போய்த் துழாவவில்லை. உடம்பு முழுதும், அது ஊன்றிய தரையும் தெரியும்படி விட்டுவைத்தார். இன்றைக்கு யோகாவைப் படமெடுக்கிறவர்களுக்குத் தரை ஒரு பொருட்டே இல்லை. ட்ரோன் பறக்கிறது, புல்லாங்குழல் வழிகிறது, மூன்று விநாடிக்கொரு வெட்டு. மலையைக் காட்ட ட்ரோன் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றுக்கு நான்குக்கு இரண்டு என்று பிராணாயாமம் செய்கிறவர் ஐந்து விநாடி இழுத்தால் இருபது நிறுத்தி, பத்தில் விடுவார். ஒரு சுற்றுக்கே 35 விநாடி. அரை நிமிட ரீல்ஸில் அவர் மூச்சை எங்கே விடுவது?

மூச்சை வெட்டாமல் படமெடுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது மாஞ்சோலை. அங்கே தேயிலைத் தோட்டம் ஓடிக்கொண்டிருந்த காலம். கல்லிடைக்குறிச்சி அண்ணாச்சி ஒருவரை, ஓய்வுபெற்ற டிரில் வாத்தியார், காக்காச்சிப் புல்வெளியில் விடியலில் உட்காரவைத்துப் படமெடுத்தேன். மணிமுத்தாற்று வெக்கையிலிருந்து ஏறிய லென்ஸ் குளிருக்கு மெதுவாகத்தான் பழகும். பையைத் திறந்து அரை மணி நேரம் காத்திருந்தேன். மூடுபனி வெளுப்பைக் கண்டு கேமரா தானாக ஆளை இருட்டாக்கிவிடும், ஆகவே வெளிச்சத்தைக் கையாலேயே ஒரு படி கூட்டினேன். ஃபோகஸும் கையால்தான்; ஆட்டோவில் விட்டால் பனியில் அலைந்துகொண்டே இருக்கும். உட்கார்ந்தவரின் தொப்புள் மட்டத்துக்கு முக்காலியை இறக்கினேன். உயரம் கூடினால் பத்மாசனம் நசுங்கிவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் முதல் பதிவு வீண். கண் திறந்ததும் அண்ணாச்சி சொன்னார்: “தம்பி, நீங்க பட்டன அமுக்குனது எனக்குக் கேட்டுச்சு. அதுக்கப்புறம் நான் ஒங்களுக்காகல்லா மூச்சு விட்டேன்.” திரும்பப் போட்டுப் பார்த்தேன். நெஞ்சு ஏறுகிறது, வயிறு அசையவில்லை. உண்மைதான்.

மறுநாள் அவர் வருவதற்கு முன்பே கேமராவை ஓடவிட்டு, தேயிலைச் செடிகளுக்கு அந்தப்பக்கம் போய் நின்றுகொண்டேன். காலில் ஏறிய அட்டைகளை உப்பு தொட்டுத் தள்ளியதோடு என் வேலை முடிந்தது. அன்றிலிருந்து யாரைப் படமெடுத்தாலும் கேமரா முதலில், ஆள் பிறகு, நான் தூரத்தில்.

அந்தப் பதிவில் நடுவே பனி வந்து அண்ணாச்சியை மூடிவிடுகிறது. ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் திரை முழுக்க வெள்ளை. விலகும்போது அதே இருப்பு, அதே மூச்சு, வேட்டி மடிப்புகூட மாறவில்லை. அந்த வெள்ளையை வெட்டச் சொல்லாத நண்பர் இல்லை. அதற்குள்தான் கொழுந்தெடுக்கப் போகிற பெண்களின் பேச்சும் பதிவாகியிருக்கிறது: ரேஷன் அரிசி பற்றி ஏதோ, பிறகு ஒரு சிரிப்பு. தியானப் படத்தில் இது எதற்கு, அழித்துவிட்டுத் தம்புரா போடு என்றார்கள். நான் கைவைக்கவில்லை.

2024-ல் தோட்டத்தை மூடினார்கள். பல தலைமுறையாக அந்த லயங்களில் இருந்தவர்கள் மலையிறங்க வேண்டியதாயிற்று. இப்போது அந்தப் பதிவைப் போட்டால் அண்ணாச்சியை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. திரை வெளுத்ததும் ஒலியைக் கூட்டிவைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு வரும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.