காற்கூறும் அரைக்கூறும்: புதுமுக மாணவர் வழிகாட்டல் பற்றி ஒரு நோக்கு

நன்னூற் பொதுப்பாயிரத்திலே, பாடங்கேட்கும் முறையைக் கூறுமிடத்துப் பவணந்தி முனிவர் ஒரு கணக்கினைத் தருகின்றார். ஆசிரியர் உரைத்ததை நன்கு கேட்டாலும் மாணவன் பெறுவது காற்கூறு புலமையே; உடன்பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு கிட்டும்; எஞ்சிய அரைக்கூறு, கற்றதைப் பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைக்கும்போதே நிரம்பும். இக்கணக்கை நாம் மனனஞ் செய்துள்ளோம். நமது பல்கலைக்கழக வாழ்விற் பொருத்திப் பார்த்தோமா என்பதே வினா.

தமிழ்மொழி மூலம் உயர்தரம் கற்ற மாணவன் மருத்துவத்தையோ பொறியியலையோ பயிலப் புகும்போது விரிவுரை ஆங்கிலத்தில் அமைகின்றது. சிங்கள மாணவர் வழக்கில் ஆங்கிலத்துக்குக் 'கடுவ', அதாவது வாள், என்று பெயர். அப்பெயர் சுட்டும் அதிகாரத்தைத் திரு கந்தையா 1984இல் வெளிவந்த தமது கட்டுரையில் ஆராய்ந்துள்ளார். அவ்வாளின் முன் தனித்து நிற்பவனுக்கு விரிவுரையாளர் வழங்கும் காற்கூறும் முழுமையாகக் கிட்டுவதில்லை.

இவ்விடைவெளியிலேதான் பகிடிவதை புகுந்துகொண்டது. அது ஏற்றத்தாழ்வை நீக்கி உறவை வளர்க்கும் என்பது அதனை ஆதரிப்போர் கூற்று. 1975இல் பேராதனையில் மாணவி ஒருவர் அதற்கு அஞ்சி விடுதி மாடியினின்று குதித்து முடமானார். 1997இல் அங்கேயே பொறியியற் பீடத் தமிழ் மாணவர் ஒருவர் அதன் விளைவாக உயிரிழந்தார். இவற்றை உறவென்று எவ்வாறு கொள்வது? 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தடைசெய்தது. ஆயினும் சட்டம் தீயதொன்றை விலக்குமேயன்றி, அவ்விடத்தில் நல்லதொன்றை நாட்டாது. நாட்டவேண்டியவர் மாணவரே.

சிரேட்ட மாணவர் வழிகாட்டல் என்ற பெயரில் நடைபெறுவன யாவும் வழிகாட்டலாகா. பழைய குறிப்புகளைக் கைமாற்றுவது எடுத்துரைத்தலன்று; பணிவை எதிர்பார்த்து உதவுவது பகிடிவதையின் மென்மையான வடிவமேயாம். புதுமுக மாணவன் அச்சமின்றி மறுக்கக்கூடியதாயின் மட்டுமே அது வழிகாட்டல். இரண்டாம் வருட மாணவர் ஒருவர் இருவர் மூவரை அழைத்து, ஒரு விரிவுரையின் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்க முற்படுவாராயின், தமக்கு விளங்காதவை எவை என்பதை முதலில் அவரே உணர்வார். அதனால் இது ஈகையன்று. அரைக்கூறு புலமை அவருக்கே உரியதாகின்றது.

நேரமும் கருதற்பாலது. விடுதி மாணவருக்கு மாலைப்பொழுது உண்டு. தெமட்டகொடையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ பஸ்ஸில் வந்து செல்லும் கொழும்பு மாணவனுக்கு அது இல்லை. ஆகவே இரு விரிவுரைகளுக்கிடைப்பட்ட ஒரு மணி நேரமே இதற்கு ஏற்றது.

தமிழ்ச் சங்கங்கள் கலைவிழாவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்குமாயின், நன்னூலை நாம் மனனஞ் செய்ததற்குப் பயன் உண்டாகும்.