இனம் தெளிவற்ற விமானப்படையினன்: சை கிராண்டின் போர் நினைவுகள் குறித்து

போர்க்கால நினைவுக் குறிப்புகள் பெரும்பாலும் வெற்றியாளரின் வீரக் கதைகளாகவே எழுதப்பட்டு வந்துள்ளன. ஆனால் அடிமைப்பட்ட நாடொன்றிலிருந்து சென்று, ஏகாதிபத்தியத்தின் படையிலே பணிபுரிந்தவனுக்கு அவ்வடிவம் முற்றாகப் பொருந்துவதில்லை. சை கிராண்ட் 2006இல் வெளியிட்ட நினைவு நூல் இவ்வகையில் ஊன்றி நோக்கற்பாலது.

பிரித்தானிய கயானாவில் 1919இல் மதபோதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த கிராண்ட், 1941இல் பிரித்தானிய விமானப்படையிற் சேர்ந்தார். கலப்பற்ற ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகாரிகளாகலாம் என்ற விதி 1939 ஒக்டோபரிலேதான் தளர்த்தப்பட்டது. அத்தளர்வு தாராள மனத்தின் விளைவன்று, ஆட்தேவையின் விளைவு. அவர் அமர்த்தப்பட்ட குண்டுவீச்சுப் பிரிவில் ஏறத்தாழ 125,000 வான்படையினர் பணிபுரிந்தனர். போர் முடிவதற்குள் 55,573 பேர் மாண்டனர்.

லங்காஸ்டர் விமானமொன்றின் வழிகாட்டியாக இருந்த கிராண்ட், 1943 ஜூனில் ஜேர்மனியின் கெல்சென்கிர்சென் நகரைத் தாக்கித் திரும்புகையில் நெதர்லாந்தின் மேல் சுட்டுவீழ்த்தப்பட்டு, ஈராண்டுகள் போர்க்கைதியாக இருந்தார். அவரது படத்தை வெளியிட்ட ஜேர்மன் பத்திரிகையொன்று, இனம் தெளிவற்ற விமானப்படையினன் என அவரைக் குறிப்பிட்டது. இகழ்ச்சியாக எழுதப்பட்ட அத்தொடரையே அவர் தமது நூலுக்குத் தலைப்பாக்கினார்.

இத்தலைப்பிலேயே நூலின் மையமான முரண்பாடு அடங்கியுள்ளது எனலாம். மனிதனை இனத்தால் அளந்தது நாசிசம் மட்டுமன்று. அவனைப் போருக்கு அனுப்பிய பேரரசும் அவ்வாறே அளந்தது. போரின் பின் சட்டம் பயின்று 1950இல் வழக்கறிஞரான கிராண்டுக்கு இலண்டனில் அத்தொழில் கைகூடவில்லை. நடிப்பையும் பாட்டையும் நாட வேண்டியவரானார். 1957இல் பி.பி.சி. தொலைக்காட்சியில் அன்றாடச் செய்திகளைக் கலிப்சோப் பாடலாகப் பாடியே அவர் புகழடைந்தார். கறுப்பரின் குரலைப் பொழுதுபோக்காக ஏற்ற சமூகம், அதே குரல் நீதிமன்றத்தில் வாதாடுவதை ஏற்கத் தயங்கிற்று. குடியேற்ற நாடுகளிலே கையாளப்பட்ட கொடுமையே ஐரோப்பாவுக்குத் திரும்பிப் பாசிசமாயிற்று என 1950இல் வாதிட்டவர் எமே செசேர். அவருடைய நெடுங்கவிதையைப் பிற்காலத்தில் கிராண்ட் தனிநபர் அரங்காக நிகழ்த்தியமை தற்செயலானதன்று.

எனினும் ஒரு வரையறையைச் சுட்டாதிருத்தல் இயலாது. தமக்கு நேர்ந்ததை கிராண்ட் பெரிதும் இன அடையாளத்தின் வழியே நோக்குகிறார். 2007இல் வந்த அவரது அடுத்த நூல் அத்தேடலை ஆன்மிகத் தளத்துக்கே கொண்டுசெல்கிறது. கெல்சென்கிர்சென் அன்று சுரங்கத் தொழிலாளரின் நகரமாக இருந்தது. குண்டுகளுக்குக் கீழே இருந்தோரும், குண்டுகளைச் சுமந்து சென்ற கயானா இளைஞரும், இலக்கைத் தீர்மானித்தவர்கள் அல்லர். இவ்வுறவை இனம் என்ற ஒற்றைக் கருத்தால் விளக்கிவிட முடியாது. வர்க்க நோக்கு இன்றியமையாதது.

பாசிசத்துக்கு எதிரான போர் நியாயமானது என்பதில் ஐயமில்லை. ஆயின் அந்நியாயத்தின் பெயரால் ஏகாதிபத்தியம் தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ள முடியாது. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே நம்முன் வைப்பதே இந்நூலின் சிறப்பு. கிராண்டின் இனம் தெளிவற்றதாக இருக்கவில்லை. அவரைத் தன் படைவீரனாக ஏற்றும் சமமானவனாக ஏற்க மறுத்த பேரரசின் நிலைப்பாடே தெளிவற்றிருந்தது.