நண்பகலில் ராட்சசன்: இத்தாலியரின் கடல் பயங்கரப் படங்கள்

பயங்கரப் படம் எடுப்பதில் இத்தாலியருக்கு இருந்த சாமர்த்தியம் பெரும்பாலும் நான்கு சுவர்களுக்குள்ளே, இருட்டையும் புகையையும் வர்ண விளக்குகளையும் துணைக்கொண்டு வளர்ந்த சாமர்த்தியம் என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொண்டால்தான், அவர்கள் 1977 முதல் ஏறக்குறைய இருபது வருஷ காலம், போதிய மூலதனமில்லாமல், திறந்த சமுத்திரத்தில் இறங்கி எடுத்த ராட்சசப் படங்கள் ஏன் அப்படி அமைந்துவிட்டன என்பது விளங்கும். அவற்றைப் பரிகசிப்பது சுலபம். இரவல் கதை என்றும், ரப்பர் மீன் என்றும், உதட்டசைவோடு பொருந்தாத வசனம் என்றும் சொல்லப்படும் குற்றச்சாட்டுகளில் ஒன்றும் பொய்யல்ல. ஆனால் அதே ரோமாபுரி, அதே தரித்திரத்தில், அவற்றுக்கு முன்னால் மிக உயர்ந்த பயங்கரப் படங்களைத் தந்திருக்கிறது. ஆகவே பணமில்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி விஷயத்தை முடித்துவிட இயலாது.

உதாரணத்துக்கு மரியோ பாவாவை எடுத்துக்கொள்ளலாம். ரிக்கார்டோ ஃப்ரெடா தொடங்கிப் பாதியில் விட்டுப்போக, ஒளிப்பதிவாளராக இருந்த பாவா முடித்துக்கொடுத்த 'கால்டிகி' என்ற 1959ஆம் வருஷத்துப் படத்தில், மாயர்களின் பாழடைந்த கோயிலுக்கு அடியிலுள்ள தடாகத்திலிருந்து உருவமற்ற ஒரு மாமிசப் பிண்டம் எழுந்து வந்து மனிதர்களைக் கரைத்துத் தின்கிறது. அந்தப் பிண்டம் மாட்டு இரைப்பைத் துண்டுகளால் ஆனது. விளக்கை எந்தக் கோணத்தில் வைத்தால் அது இரைப்பையாகத் தெரியாமல் அநாதி காலத்துப் பிராணியாகத் தெரியும் என்பதைப் பாவா அறிந்திருந்தார். அதுவே அவருடைய வித்தை. 1965இல் ஒரு கிரகம் முழுவதையும் சிருஷ்டிக்க வேண்டி வந்தபோது, புராணப் படமொன்றில் மிச்சமான இரண்டு பிளாஸ்டிக் பாறைகளையும் நிறையப் புகையையும் வைத்துக்கொண்டு அவர் சமாளித்த கதை பிரசித்தம். அந்தப் புராணப் படங்களின் காலத்தில்தான், பின்னாளில் ஹாலிவுட்டுக்குப் போய் 'ஈ.டி.'யை உருவாக்கிய கார்லோ ராம்பால்டி, 'பெர்ஸேயோ'வுக்காக (1963) நீரில் வாழும் ஒரு டிராகனைச் செய்துகொடுத்தார். இவர்கள் எல்லோரும் கொட்டகைக்குள் வேலை செய்தவர்கள், அல்லது கொட்டகைக் கலையைக் கரையோரம் வரையில் மட்டும் கொண்டு சென்றவர்கள்.

1975இல் 'ஜாஸ்' வந்தது. ஸ்பீல்பெர்க்கின் இயந்திரச் சுறா உப்பு நீரில் அடிக்கடி பழுதாகிப்போனதால், அதைக் காட்ட முடியாமல், மிதக்கும் பீப்பாய்களையும் ஒரு வாத்திய இசையையும் கொண்டே பார்வையாளரைக் கிலி பிடிக்கச் செய்தார் என்பது எல்லோரும் அறிந்த செய்தி. இத்தாலியத் தயாரிப்பாளர்கள் அந்தப் படத்தின் வசூலைப் படித்தார்கள். அதன் அடக்கத்தைப் படிக்கவில்லை. விலையுயர்ந்த பொம்மையை ஸ்பீல்பெர்க் மறைத்துவைத்தார்; மலிவான பொம்மையை இவர்கள் நண்பகல் வெயிலில் முழுசாகக் காட்டினார்கள். புகை போட இடமில்லாத, விளக்கை மாற்ற வசதியில்லாத அந்த வெயிலில் பாவாவின் பள்ளிக்கூடம் கற்பித்த எதுவும் பயன்படவில்லை.

இன்னொரு விநோதமும் உண்டு. பூர்வீகர் ஆறு தலைகளோடு கற்பித்த ஸ்கில்லா என்ற ராட்சசி வாசம் செய்ததாகச் சொல்லப்படும் மெஸ்ஸீனா ஜலசந்தி இத்தாலியின் தென்கோடியிலேயே இருக்கிறது. அவள் பெயர் தாங்கிய ஊர் கலாப்ரியாவில் இன்றும் இருக்கிறது. அப்படியிருக்க, இந்தப் படங்களின் ராட்சசர்கள் பெரும்பாலும் குடியிருந்தது கலிபோர்னியாவிலும் ஃப்ளோரிடாவிலும். காரணம் வியாபாரம். மிலானில் நடந்துவந்த திரைப்படச் சந்தையில், ஒரு தலைப்பையும் ஒரு சுவரொட்டியையும் காட்டியே, படம் எடுக்குமுன்னே வெளிநாட்டு விநியோகஸ்தரிடம் முன்பணம் வாங்குவது அந்நாளைய வழக்கம். வாங்குகிறவர் அமெரிக்க நடிகர் ஒருவரையும் அமெரிக்கக் கடற்கரையையும் எதிர்பார்த்தார். ஆகவே இயக்குநர்களும் ஆங்கிலப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அலெக்ஸாந்திரியாவில் கிரேக்கக் குடும்பத்தில் பிறந்து ரோமில் தயாரிப்பாளராக விளங்கிய ஓவிதியோ அசோனிடிஸ், ஆலிவர் ஹெல்மன் ஆனார்.

அந்த ஹெல்மன் இயக்கியதே வரிசையில் முதலாவதான 'டென்டகோலி' (1977). கடலுக்கடியில் சுரங்கப்பாதை அமைக்கும் கம்பெனி ஒன்று சட்டம் அனுமதித்த அளவுக்கு மேல் வானொலி அலைகளைச் செலுத்த, அதனால் வெறிகொண்ட பெரிய ஆக்டோபஸ் ஒன்று கரையோர ஜனங்களை இழுத்துச் செல்கிறது. கம்பெனி முதலாளியாக ஹென்றி ஃபோண்டாவும், உண்மையைத் துருவும் பத்திரிகைக்காரராக ஜான் ஹூஸ்டனும் நடித்திருக்கிறார்கள். 1956இல் 'மோபி டிக்' நாவலைப் படமாக்கி, வெள்ளைத் திமிங்கிலத்தோடு மல்லாடிய அதே ஹூஸ்டன், இருபது வருஷம் கழித்து இந்தப் படத்தில், பெரும்பாலும் ராட்சசனிருக்கும் திசைக்கே போகாமல், கரையில் இருந்தபடி வசனம் பேசுவதைப் பார்க்கையில், சிரிப்பதா அனுதாபப்படுவதா என்று தெரியவில்லை. ஆக்டோபஸ் பெரும்பாலும் நிஜமான ஒரு சிறு பிராணியே. பக்கத்தில் பொம்மைப் படகை வைத்துப் பெரிதாக்கிக் காட்டினார்கள். முடிவில் அதைக் கொல்கிறவனும் மனிதனல்ல. பழக்கிய இரண்டு ஓர்க்காத் திமிங்கிலங்கள். ஆயினும், தாய் சற்றே கண்ணை விலக்கிய நேரத்தில் கரையோரம் தள்ளுவண்டியிலிருந்த குழந்தை காணாமற்போகும் அந்த ஆரம்பக் காட்சி மட்டும், ஒன்றும் காட்டாமலே காட்டப்பட்டிருப்பதால், இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. அந்த ஒரு காட்சியின் விவேகம் படம் முழுவதிலும் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் தொனியே வேறாக இருந்திருக்கும். (அதே வருஷத்து 'ஓர்க்கா' தினோ டெ லாரென்டீஸின் பெரிய முதலீட்டுப் படம், அது நம் விசாரணைக்கு வெளியே.)

என்ஸோ காஸ்டெல்லாரி 1981இல் எடுத்த 'லுல்டிமோ ஸ்குவாலோ', அதாவது கடைசிச் சுறா, இந்த வகையில் அதிகம் பெயர் பெற்றது. பெயர் பெற்றது நீதிமன்றத்தில். ஜேம்ஸ் ஃபிரான்சிஸ்கஸ் அதில் ஒரு நூலாசிரியர். பாத்திரத்தின் பெயர் பீட்டர் பென்டன். 'ஜாஸ்' நாவலை எழுதியவர் பீட்டர் பெஞ்ச்லி என்பதை அறிந்தவர்கள் இந்தத் துணிச்சலை ரசிக்காமல் இருக்க முடியாது. விக் மாரோ, மூலத்தின் சுறா வேட்டைக்காரரை அப்படியே பிரதி எடுத்தாற்போல் உறுமுகிறார். தேர்தலுக்கு நிற்கும் அரசியல்வாதி ஒருவர் ஹெலிகாப்டரிலிருந்து மாமிசத்தைத் தொங்கவிட்டுச் சுறாவைப் பிடிக்கப் போய், தாமும் போய், ஹெலிகாப்டரும் கடலுக்குள் போகும் காட்சி, பொம்மைகளின் விளையாட்டு என்று தெரிந்தும், ஒருவித அசட்டு உற்சாகத்தால் மனத்தில் நின்றுவிடுகிறது. சுறாவோ, ஆவணப்படத் துண்டுகளில் ஓர் அளவும், மாதிரித் தலையில் வேறோர் அளவுமாக, காட்சிக்குக் காட்சி வளர்ந்தும் குறைந்தும் வருகிறது. 1982இல் ஃபிலிம் வென்ச்சர்ஸ் என்ற கம்பெனி அமெரிக்காவில் அதை வெளியிட்டவுடன், 'ஜாஸ்' படத்தின் உரிமையாளரான யூனிவர்சல் வழக்குத் தொடுத்தது. கலிபோர்னியா ஃபெடரல் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பிக்க, கொட்டகைகளிலிருந்து படம் வாபஸாயிற்று. நகல் என்பதில் நீதிபதிக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் எனக்கும் உண்டு. ஆனால் காஸ்டெல்லாரி கைதேர்ந்த சண்டைப்பட இயக்குநர். காற்றுப்பாய்ப் பலகைப் போட்டியைச் சுறா குலைக்கும் காட்சியில் அவருடைய படத்தொகுப்பு வேகத்தை யாரிடமிருந்தும் அவர் திருடவில்லை.

பிரேஸிலில் அன்டோனியோ மார்கெரித்தி எடுத்த பிரான்ஹா மீன் படத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அசோனிடிஸ் தயாரித்து, பறக்கும் மீன்களைப் பற்றி ஜமைக்காவில் எடுத்த 1982ஆம் வருஷத்துப் படமோ, முதன்முதலாக இயக்க வந்த ஜேம்ஸ் கேமரன் நடுவிலேயே விலக்கப்பட்டார் என்பதற்காக மட்டும் ஞாபகத்தில் இருக்கிறது. லூச்சியோ ஃபுல்சியின் 'ஸோம்பி 2' (1979) கடல் படமே அல்ல. ஆனால் அதில் நீருக்கடியில் ஒரு நடமாடும் பிணமும் உயிருள்ள ஒரு சுறாவும் கட்டிப் புரள்கின்றன. மெக்ஸிகோவின் நீர்மூழ்கிக் கலைஞர் ரமோன் பிராவோ தாமே பிண வேஷம் பூண்டு நடித்த அந்தச் சில நிமிஷங்களுக்கு, மேற்சொன்ன படங்கள் அனைத்தின் ரப்பரையும் ஈடாக வைக்கலாகாது. சுறா நிஜம், நீர் நிஜம், மனிதன் நிஜம், கதையில்தான் அசம்பாவிதம்.

எனினும் இந்தத் துறையில் கலையம்சம் என்று சொல்லத்தக்கது இருக்குமானால் அது செர்ஜியோ மார்த்தினோவின் 'லிஸோலா தேலி வோமினி பேஷே' (1979) என்ற மீன்மனிதர் தீவில் இருக்கிறது. அதே வருஷம் இலங்கைக் காடுகளில் ஒரு முதலைப் படத்தையும் எடுத்து முடித்த அவர், இதற்குச் சார்டீனியாவின் கடற்கரையைத் தேர்ந்தார். கதை நடப்பது 1891இல்: கைதிகளை ஏற்றிச் சென்ற கப்பல் மூழ்க, தப்பிய ஒரு வைத்தியரும் சில கைதிகளும் கரீபியன் தீவொன்றில் ஒதுங்குகிறார்கள், அங்கே வயது முதிர்ந்த விஞ்ஞானி ஒருவர் மனிதரை மீனாக மாற்றும் வித்தை செய்ய, தீவின் அதிபதி அந்த மீன்மனிதரைக் கடலடியில் மூழ்கிய அட்லாண்டிஸின் செல்வத்தைத் தூக்கிவர ஏவுகிறான். விஞ்ஞானியாக ஜோசஃப் காட்டன். அவருடைய புதல்வியாக, ஜேம்ஸ் பாண்ட் படத்தில் தோன்றிய பார்பரா பாக். மார்த்தினோ செய்த புத்திசாலித்தனம் ஒன்றுதான்: அவர் சுறாவைப் பின்பற்றாமல் ஜூல்ஸ் வெர்னையும் எச். ஜி. வெல்ஸையும் பின்பற்றினார், அதனால் கடல் மீண்டும் குகைக்குள்ளும் சதுப்பு நிலத்து மூடுபனிக்குள்ளும் வந்து சேர்ந்தது, இத்தாலியருக்குப் பழக்கமான இருட்டும் கூடவே வந்தது. இரவில், நீரில் நிற்கும் பார்பரா பாக்கைச் சுற்றி மீன்மனிதர்கள் தலை நீட்டும்போது, அவர்களுடைய முகமூடியின் தையல் கண்ணில் படுவதில்லை. அடிமைப்பட்ட ஜீவன்களின் துக்கம் படுகிறது. அமெரிக்கத் தயாரிப்பாளர் ரோஜர் கார்மனின் கம்பெனி இதை வாங்கி, வேறு நடிகர்களைக் கொண்டு ஒரு ரத்தக்களறி முன்னுரையை ஒட்டவைத்து, 1981இல் 'ஸ்க்ரீமர்ஸ்' என்று வெளியிட்டது. உடம்பு உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பப்பட்ட மனிதனைக் காட்டுவதாக விளம்பரமும் செய்தது. மார்த்தினோ எடுத்த படத்தில் அப்படி ஒருவனும் கிடையாது.

பாவாவின் குமாரர் லாம்பெர்டோ, தகப்பனாரின் 'ஜான் எம். ஓல்ட்' என்ற புனைபெயருக்கு வாரிசாக 'ஜான் ஓல்ட் ஜூனியர்' ஆகி, 1984இல் 'ரோஸ்ஸோ நெல்லோசியானோ'வை எடுத்தார். ஆக்டோபஸையும் ஆதிகால மீனையும் கலந்து விஞ்ஞானிகள் உண்டாக்கிய ஜந்து அதில் ஃப்ளோரிடாவைக் கலக்குகிறது. ஒரு கை, ஒரு கண், ஒரு வாய் என்று துண்டு துண்டாகவே அது தரிசனம் தருகிறது. குமாரர் மறைக்கக் கற்றிருந்தார். ஆனால் மறைத்ததற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

அதற்குள் தொழிலே சரிந்துகொண்டிருந்தது. 1976இல் இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றம் தனியார் உள்ளூர்த் தொலைக்காட்சிக்கு வழிவிட்டபின், 1975இல் 50 கோடிக்கு மேல் விற்ற சினிமா டிக்கெட்டுகள் பத்து வருஷத்தில் 13 கோடிக்கும் கீழே இறங்கின. எஞ்சியவர்கள் வீடியோக் கடைகளுக்காக எடுத்தார்கள். ஜோ டாமாத்தோவின் 'டீப் பிளட்' (1990) அப்படிப்பட்டது. 1995இல் புரூனோ மாட்டேய் 'குரூயல் ஜாஸ்' என்று ஒன்றைத் தொகுத்தபோது, புதிதாகச் சுறாவைச் செய்யும் சிரமத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல், டாமாத்தோவிடமிருந்தும் காஸ்டெல்லாரியிடமிருந்தும், கடைசியில் ஸ்பீல்பெர்க்கிடமிருந்துமே காட்சித் துண்டுகளை வெட்டி ஒட்டினார். சில நாடுகளில் அது 'ஜாஸ்' வரிசையின் ஐந்தாம் பாகமாகவும் விற்கப்பட்டது.

இவற்றில் ஒன்றை மட்டும் பார்க்க அவகாசமுள்ள வாசகர் மார்த்தினோவின் தீவைப் பார்க்கலாம்; ஆனால் அமெரிக்க முன்னுரை ஒட்டாத இத்தாலியப் பிரதியாகத் தேடிப் பார்க்க வேண்டும். இரண்டாவதற்கும் நேரமிருந்தால் 'டென்டகோலி'யின் முதல் காட்சி போதும்.